வாசலோடு திரும்பியவர்: ஒரு குடிநோயாளி ஆதரவுக் குழுவுக்குள் போய்ச் சேர்ந்த விதம்

குடிநோய்ச் சிகிச்சை முடிந்து வார்டிலிருந்து கிளம்புகிறவரின் டிஸ்சார்ஜ் சீட்டில் கடைசி வரியாக ‘ஏ.ஏ. மீட்டிங்குக்குச் செல்லவும்’ என்று எழுதுவது வழக்கம். ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு. மேலே மாத்திரைகளின் பெயர்களுக்கு எதிரே காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டிருக்கும். இந்த வரிக்கு எதிரே ஒன்றும் இருக்காது. எந்த மீட்டிங், எந்தப் பக்கம், எந்த பஸ், உள்ளே போய் யாரைக் கேட்பது என்று எதுவும் இல்லாமல் ஒரு வரி. இந்த ஆய்வு அந்தக் கடைசி வரியைப் பற்றியது.

இதில் வருகிறவர் ஒரே ஆள் அல்ல. கோவையில் குடிநோயாளிகளோடு வேலை செய்யும் சமூகப் பணியாளராக நான் பார்த்த சிலரின் விவரங்களைக் கலந்து, வயது, குடும்பம், இடம் எல்லாவற்றையும் மாற்றி எழுதியிருக்கிறேன். தொழிலை வைத்து அவரை வைண்டர் என்றே குறிப்பிடுகிறேன். குழுவுக்குள் பேசப்பட்டது குழுவோடு இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அதனால் அவர் தன்னைப் பற்றித் தானே சொன்னதும், யார் வேண்டுமானாலும் போகக்கூடிய திறந்த கூட்டங்களில் பார்த்ததும் மட்டுமே இங்கே உண்டு.

யார் இவர்

43 வயது. கணபதிப் பக்கம் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறையில் வேலை. எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரைப் பிரித்து, பழைய காயிலை வெட்டி எடுத்து, ஸ்லாட்டுக்குள் இன்சுலேஷன் பேப்பர் செருகி, புதுக் காப்பர் கம்பியைக் கொத்துக் கொத்தாக இறக்கி, நூல் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க வேண்டும். கம்பியின் மேல் பூச்சு ஓரிடத்தில் உரசினாலும் மோட்டார் மறுபடி எரியும். கை நடுங்குகிறவருக்கு இந்த வேலை ஆகாது.

இருபது வயதில் சனிக்கிழமைச் சம்பளத்தோடு ஆரம்பித்தது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு குவார்ட்டர் வாங்கி ஆளுக்குப் பாதி ஊற்றிக்கொள்ளும் கட்டிங். அப்புறம் தனியாக ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி. வார்டுக்கு வந்தபோது நாளைக்கு மூன்று, நான்கு. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். இவருக்குக் காலை ஆறரைக்கே வேண்டியிருந்தது. முந்தைய இரவே கொஞ்சம் மிச்சம் பிடித்துக் குளியலறைச் சுவர் மேல் ஓட்டுக்கடியில் ஒளித்து வைப்பார். மிச்சமில்லாத நாளில் பிளாக்கில் கூடுதல் காசு கொடுத்து வாங்குவார். அது உள்ளே போன பிறகுதான் கம்பி ஸ்லாட்டுக்குள் இறங்கும்.

“குடிச்சா கை நேரா நிக்குதுங்க, குடிக்கலைன்னா ஆடுதுங்க. அப்ப எது மருந்துன்னு நீங்களே சொல்லுங்க” என்று முதல் நாளே கேட்டார். கேட்கத் தகுந்த கேள்விதான். மூளையை மட்டுப்படுத்துகிற ஒரு பொருளைத் தினமும் ஊற்றிக்கொண்டே இருந்தால், அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. பொருள் வராத காலையில் அந்தக் கூடுதல் வேகம் மட்டும் மிஞ்சுகிறது. அதுதான் நடுக்கம், வியர்வை, படபடப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவத்தில் 40-க்கு 31 எடுத்தார். எட்டைத் தொட்டாலே கவனிக்க வேண்டும், இருபதைத் தொட்டால் சார்புநிலை (குடியில்லாமல் இருக்க முடியாத நிலை) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது கணக்கு.

அவர் தன்னைக் குடிநோயாளி என்று ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு அவரிடம் ஒரு சாட்சி இருந்தது: சபரிமலை மாலை. ஒவ்வொரு கார்த்திகையிலும் மாலை போடுவார், ஒரு மண்டலம் தொடமாட்டார். “நோயாளியா இருந்தா 48 நாள் சும்மா இருக்க முடியுமாங்க?” தமிழ்நாட்டில் குடிநோயோடு வேலை செய்கிற எல்லாருக்கும் இந்த வாதம் தெரிந்திருக்கும். மலையிறங்கி வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே நாக்கு எங்கே போகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. நிறுத்த முடிவதும் நிறுத்தியபடியே இருக்க முடிவதும் வேறு வேறு திறமைகள். மாலை, கோயிலில் கயிறு கட்டுவது, பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வது எல்லாம் முதலாவதுக்கு உதவும்.

கடைசி வருடம் அந்தச் சாட்சியும் கவிழ்ந்தது. மாலை போட்ட இரண்டாம் நாள் பஜனையில் உட்கார்ந்திருந்தவர் பின்பக்கமாகச் சாய்ந்து கை கால் இழுத்துக்கொண்டார். சுற்றி இருந்தவர்கள் சாமி வந்துவிட்டது என்று சரணம் போட்டார்கள். வந்தது வலிப்பு. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாள் வாக்கில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுகிற நிலை வரலாம்; அதில் உயிரே போகக்கூடும்.

இதனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழு என்பது நடுக்கத்தை நிறுத்துகிற இடம் அல்ல. தினமும் காலையில் குடிக்கிற நிலைக்கு வந்தவர், முன்பு வலிப்பு வந்தவர், நேராக மீட்டிங்குக்குப் போய் ‘இன்றோடு நிறுத்தினேன்’ என்று சொல்லக் கூடாது. முதலில் மருத்துவர். வைண்டருக்கு வார்டில் பத்து நாள் ஆனது. தயமின் (வைட்டமின் பி1) ஊசி, நடுக்கத்தை அடக்கப் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்த குளோர்டயசெபாக்சைடு மாத்திரை, தூக்கம், சாப்பாடு. எட்டாம் நாள் அவர் விரல்களை நீட்டிக் காட்டினார். அசையவில்லை.

முன்னால் நடந்தவை

இது முதல் முயற்சி அல்ல. ஒரு தடவை, அவருக்குத் தெரியாமல் கொடுத்தால் போதும் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு பொடியை மனைவி ரசத்தில் கலந்திருக்கிறார். அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இப்படிக் கலக்கப்படுவது டைசல்பிராம் மாத்திரையாக இருந்தால், அதன்மேல் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, இதயம் தாறுமாறாகத் துடிக்கும். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்வையில் எடுத்தால் அது உதவுகிற மருந்து. ரசத்தில் கலந்தால் அது விஷம் வைத்தது மாதிரிதான். மனைவியைக் குற்றம் சொல்லவில்லை. வேறு வழி யாரும் காட்டாதபோது விளம்பரம்தான் வழிகாட்டி.

இன்னொரு தடவை மச்சான்கள் இரவில் வேன் கொண்டுவந்து தூக்கிப்போய் ஒரு மறுவாழ்வு மையத்தில் விட்டார்கள். மூன்று மாதம் கழித்து வெளியே வந்தவர், பஸ் ஸ்டாண்டு தாண்டும் முன்பே குடித்தார். அதைப் பற்றி அவர் அதிகம் பேச விரும்பவில்லை.

மூன்றாவது தடவைதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். வேறொரு மருத்துவமனையில் சில நாள் இருந்துவிட்டுக் கிளம்பும்போது ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர், தெரு, ‘வியாழன் மாலை 7’. வைண்டர் போனார். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அவருடைய பழைய கோப்பில் ‘நோயாளிக்கு ஊக்கம் இல்லை, குழுவுக்குச் செல்லவில்லை’ என்று இருந்தது. அவர் சட்டை மாற்றிக்கொண்டு, இரண்டு பஸ் ஏறி, ஏழு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே அந்தப் பள்ளி வாசலில் நின்றார்.

பள்ளியை ஒட்டி ஒரு சர்ச். கேட்டின் மேல் சிலுவை. மதம் மாற்றக் கூப்பிடுகிறார்களோ என்று முதல் சந்தேகம். கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் நிமிர்ந்து பார்த்து, “யாரைப் பார்க்கணும்?” என்றார்.

என்ன பதில் சொல்வது? யாரையும் பார்க்க வரவில்லை. யார் பெயரும் தெரியாது. “குடிகாரங்க மீட்டிங் எங்கீங்க?” என்று கேட்டால் அந்த வாட்ச்மேன் மேலும் கீழும் பார்ப்பார். “சும்மாங்க” என்று சொல்லிவிட்டு எதிர் டீக்கடைக்கு நகர்ந்தார். அங்கிருந்து பார்த்தால் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டை, சிலர் வண்டியில். “அவங்களைப் பாத்தா குடிக்கிறவங்க மாதிரியே தெரியலைங்க. வேற ஏதோ மீட்டிங்குன்னு நெனச்சேன்.” ஏழே கால் ஆனதும், ஆரம்பித்திருப்பார்கள், இனி போவது மரியாதை இல்லை என்று திரும்பினார். பஸ் நிறுத்தம் போகிற வழியில் கடை. கடை பத்து மணி வரை.

யாரைப் பார்க்கணும் என்று கடையில் யாரும் கேட்பதில்லை.

போன்

2019-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பு, இந்தியாவில் மதுச் சார்புநிலையில் இருப்பவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருப்பதாகச் சொல்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர்கள் 180 பேருக்கு ஒருவர். அப்படி வார்டு வரை வந்த அபூர்வமான ஒருவர், வெளியே போய் வாட்ச்மேன் கேட்ட கேள்வியில் தடுக்கி விழுகிறார் என்றால் அதை அவருடைய ஊக்கக் குறைவு என்று எழுதுவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் 1981-ல் வெளியான ஒரு சின்ன ஆய்வு உண்டு. சிகிச்சையில் இருந்த இருபது பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் குழுவின் விவரத்தைச் சொல்லி, போகச் சொன்னார்கள். மறுபாதிக்கு, ஆலோசகர் அறையிலிருந்தே ஒரு உறுப்பினருக்குப் போன் போட்டுப் பேசவைத்து, அவரே வந்து கூட்டிப்போக ஏற்பாடு செய்தார்கள். இரண்டாவது பாதியில் எல்லாரும் போனார்கள். முதல் பாதியில் ஒருவர்கூடப் போகவில்லை. இருபது பேரை வைத்துப் பெரிதாக எதையும் நிரூபிக்க முடியாது, சரி. ஆனால் வார்டில் வேலை செய்த எவரும் இந்த முடிவைப் பார்த்து ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ஏ.ஏ. பிறந்ததே ஒரு போன்காலில்தான். 1935 மே மாதம் ஆக்ரன் நகரத்துக்கு வியாபாரமாக வந்து தோற்றுப்போன, குடியை நிறுத்தியிருந்த பில் வில்சன், ஹோட்டல் முகப்பில் நின்றுகொண்டு பக்கத்து பாருக்குள் போவதா வேண்டாமா என்று தவித்தார். பிறகு அங்கே மாட்டியிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்துப் போன் போட்டு, பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அப்படித்தான் டாக்டர் பாப் ஸ்மித் அறிமுகமானார். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்ததாகக் கருதப்படும் 1935 ஜூன் 10-ஐத்தான் அமைப்பின் தொடக்க நாளாக வைத்திருக்கிறார்கள். அங்கேயும் வேலை செய்தது ஒரு குரல்தான்.

வைண்டரின் விஷயத்தில் நாங்கள் செய்தது இதுதான். டிஸ்சார்ஜுக்கு மூன்று நாள் முன்பு, அவர் சம்மதத்தோடு, நகரத்தில் உள்ள ஏ.ஏ. தொடர்பு எண்ணைக் கூப்பிட்டோம். (எங்கே தொடங்குவது என்று தெரியாத ஊரில் இருப்பவர்கள் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446-ஐக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் பெரும்பாலும் தெரிந்திருக்கும். ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச்சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது.) என்னென்ன குழு என்று கேட்பதற்கு முன் வைண்டரிடம் சில விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொண்டோம்.

மொழி: நகரங்களில் ஆங்கிலத்தில் நடக்கும் குழுக்களும் உண்டு. இவருக்குத் தமிழ். நேரம்: பட்டறை ஏழு மணிக்கு விடும், ஆகவே ஏழு மணிக் குழு வேண்டாம், ஏழரை அல்லது ஞாயிறு. இடம் என்று வந்தபோது வைண்டர் திட்டவட்டமாக இருந்தார். தன் ஏரியாவில் கூடாது. “தெரிஞ்சவங்க பாத்துருவாங்க.” சாக்கடை ஓரம் படுத்துக் கிடந்ததைத் தெரு முழுக்கப் பார்த்திருக்கிறது; மீட்டிங்குக்குப் போவதைப் பார்த்துவிடக் கூடாது. இதைச் சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அந்த வெட்கத்துக்கு நாங்கள் இடம் கொடுத்தோம். தூரமான குழு என்றால் தூரமான குழு. முதல் மாதம் எது சௌகரியமோ அதுதான் நல்ல குழு.

திரும்பி வரும் வழி: இதை யாரும் கேட்பதில்லை, நாங்களும் பல பேரைப் பார்த்த பிறகுதான் கேட்க ஆரம்பித்தோம். இரவு ஒன்பது மணிக்கு மீட்டிங் முடிந்து பஸ் நிறுத்தம் போகிற வழியில் கடை இருக்கிறதா? இருந்தால் வேறு தெரு, அல்லது கூட ஒரு ஆள்.

இத்தனையும் சொன்னதும் எதிர்முனையில் இருந்தவர் ஒரு எண் கொடுத்தார். ஒரு பழைய மில் தொழிலாளி, ஓய்வு பெற்றவர், குடியை விட்டுப் பல வருடம் ஆனவர். ஸ்பீக்கரில் போட்டோம். பெரியவர் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“தம்பி, சாப்டாச்சா?”

“ஆச்சுங்க.”

“நானும் அதே வார்டுல படுத்தவன்தான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன். காசு ஒண்ணும் வேண்டாம். அங்க பேசணும்னு கட்டாயம் இல்ல, சும்மா உக்காந்திருந்தாப் போதும். வயிறு நெறையச் சாப்டுட்டு வாங்க, பசியோட வராதீங்க.”

“நான் என்னன்னுங்க அடையாளம் கண்டுக்கறது?”

“நான் கண்டுக்கறேன்” என்றார் பெரியவர். “நானும் அப்படித்தான நின்னேன்.”

உள்ளே

அந்தக் குழுவும் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில்தான் கூடுகிறது. பக்கத்தில் சர்ச் இல்லாவிட்டாலும் பல குழுக்களுக்கு இடம் கொடுப்பது கிறித்தவப் பள்ளிகளும் தேவாலயங்களும்தான் என்பதால் மதமாற்ற சந்தேகம் பலருக்கு வருகிறது. வைண்டரின் சந்தேகத்தை யாரும் விளக்கித் தீர்க்கவில்லை. அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவர் பட்டையாக விபூதி பூசியிருந்தார், முன் பெஞ்சில் ஒருவர் தொப்பி போட்டிருந்தார். அத்தோடு முடிந்தது.

நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பெஞ்ச். பெரிய ஆட்கள் முழங்கால் மோவாயைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் பிள்ளைகளுக்குப் போட்ட வகுத்தல் கணக்கு அழிக்காமல் இருந்தது. சுவரில் ‘இன்று மட்டும்’ என்று ஒரு அட்டை. ஃபிளாஸ்கில் டீ, ஒரு பாக்கெட் பிஸ்கட். கையெழுத்துப் பதிவேடு இல்லை, முகவரி கேட்கவில்லை, ஆதார் கேட்கவில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் உறுப்பினராகத் தகுதி. நடுவில் ஒரு பை சுற்றி வந்தது. வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் இஷ்டப்பட்டதைப் போடுகிறார்கள். வெளியாட்களிடம் நன்கொடை வாங்குவதில்லை. வைண்டர் சட்டைப்பையைத் தடவியபோது பெரியவர் பையை அவரைத் தாண்டி நகர்த்திவிட்டார். முதல் தடவை வருகிறவர் போடக் கூடாதாம்.

ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று சொல்லிப் பேசினார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை, பதில் சொல்வதுமில்லை. நம் ஊரில் ஒரு மனிதன் ஐந்து நிமிடம் யாரும் இடைமறிக்காமல் தன் கஷ்டத்தைச் சொல்ல முடிகிற இடம் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதாகப் பேசியவர், காலையில் கை நடுக்கத்தில் தானே ஷேவ் செய்ய முடியாமல் தினமும் சலூனுக்குப் போனதைச் சொன்னாராம். சலூன்காரர் கடையைத் திறக்கும் முன்பே போய் நிற்பாராம். (பேசியவர் இதைத் திறந்த கூட்டங்களிலும் சொல்கிறவர், எழுத அனுமதித்தார்.) வைண்டர் அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அங்கதாங்க திரும்பிப் பாத்தேன்” என்றார் எங்களிடம். “நான் அவர்கிட்ட ஒண்ணும் சொல்லலை. ஆனா என் கதையை அவர் சொல்றாரு.” ஆலோசகர் அறையில் நாங்கள் பத்து நாள் சொன்னது, ஆடிட் படிவம், மூளையின் படம், எதுவும் செய்யாததை அந்த சலூன் செய்தது. சொல்லப்போனால் எங்களுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

முடிவில் எல்லாரும் எழுந்து நின்று மனஅமைதிக்கான பிரார்த்தனை சொன்னார்கள். இந்தக் கடவுள் பேச்சு ஒத்துவராதவர்கள் உண்டு. பன்னிரண்டு படிகளில் பாதியில் இறைவன் வருகிறார்; ‘நாம் புரிந்துகொண்டபடியான’ என்று அடைமொழி போட்டாலும் பகுத்தறிவு வீடுகளில் வளர்ந்த சிலர் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்தக் குழுவிலேயே கருப்புச் சட்டைக்காரர் ஒருவர் இருக்கிறார். தனக்கு மேலான சக்தி என்று அவர் எடுத்துக்கொண்டது அந்த அறையில் இருக்கிற இருபது பேரை. பிரார்த்தனை நேரத்தில் எழுந்து நிற்பார், வாய் அசையாது. யாரும் கேட்டதில்லை. அதுவும் ஒத்துவராவிட்டால், ஆலோசகர் நடத்தும் குழுச் சிகிச்சை, மருந்து என்று வேறு வழிகள் இருக்கின்றன. ஏ.ஏ. ஒன்றே வழி என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

ஆனால் அது வேலை செய்கிறதா என்று கேட்டால், செய்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு 27 ஆய்வுகளை, 10,565 பேரின் விவரங்களை எடுத்துப் பார்த்தது. ஏ.ஏ.வோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருடம் கழித்தும் தொட்டுப் பார்க்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம். மற்றச் சிகிச்சைகளில் 35 சதவீதம். பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகள். எண்ணை அப்படியே கோவைக்குக் கொண்டுவர முடியாது. இதில் ‘முறையாக இணைத்துவிடும்’ என்பதைக் கவனிக்க வேண்டும். சீட்டு எழுதிக் கொடுத்ததை அவர்கள் அளக்கவில்லை.

மனைவி

வைண்டரின் மனைவி ஒரு தையல் யூனிட்டில் பீஸ் கணக்கில் வேலை செய்கிறார். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் குழுவைப் பற்றிச் சொன்னபோது நேராகவே கேட்டார்: “குடிச்சது அவரு. மீட்டிங்குக்கு நான் எதுக்குங்க போகணும்?” 1951-ல் பில் வில்சனின் மனைவி லோயிஸ் அதை ஆரம்பித்தார் என்ற வரலாறெல்லாம் அவரிடம் எடுபடவில்லை, எடுபட வேண்டியதும் இல்லை. அவர் பக்கத்துக்கு மாலை நேரக் குழு எதுவும் வசதியாக இல்லை. ஓரிரு தடவை போனார், பிறகு நின்றுவிட்டார். வார்டில் நடக்கும் குடும்பக் கூட்டத்துக்கு மட்டும் வந்தார்.

அங்கே அவர் கற்றுக்கொண்டதாகச் சொன்னது இரண்டு. ஒன்று, பட்டறை முதலாளிக்குப் போன் செய்து ‘அவருக்குக் காய்ச்சல்’ என்று சொல்வதை நிறுத்தியது. இன்னொன்று, கணவர் வீட்டுக்குள் நுழையும்போது பக்கத்தில் போய் வாசனை பார்ப்பதை நிறுத்தியது. இரண்டாவது ரொம்பக் கஷ்டமாக இருந்ததாம். இன்னமும் சில நாள் கதவைத் திறக்கும்போது மூக்கு தானாகப் போகிறது என்றார், சிரிக்காமல்.

கெடா விருந்து

மூன்றாம் மாதம் பங்காளி வீட்டில் குலதெய்வத்துக்குக் கெடா வெட்டு. தோட்டத்தில் பந்தல், பின்னால் மோட்டார் ரூமுக்குள் பாட்டில். போக வேண்டாம் என்று பெரியவர் சொல்லியிருந்தார். போகாவிட்டால் உறவு என்ன பேசும் என்று வைண்டர் போனார். “ஒரு கட்டிங் மட்டும், மாப்ள” என்று கையில் திணித்தவர் கெட்டவர் இல்லை, சின்ன வயதுக் கூட்டாளி. அன்று ஆரம்பித்தது பத்துப் பன்னிரண்டு நாள் ஓடியது.

மறுபடி குடித்ததைவிட, மறுபடி மீட்டிங்குக்குப் போக முடியாததுதான் அவரைப் படுத்தியது. தொண்ணூறு நாள் என்று கைதட்டியிருக்கிறார்கள், அந்த முகங்களை எப்படிப் பார்ப்பது? போனை எடுக்கவில்லை. இங்கேதான் முகவரிச் சீட்டுக்கும் ஆளுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது. பெரியவர் தன் சொந்தக்காரரின் வீட்டிலிருந்து எரிந்துபோன ஒரு அரை ஹெச்.பி. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். முதலாளி முன்னால் வாடிக்கையாளர் மாதிரி விலை கேட்டார், பேரம்கூடப் பேசினார். மோட்டாரை இறக்கி வைக்கும்போது, “நான் மூணு தடவை சறுக்கினவன், தம்பி. ஞாயித்துக்கிழமை வழக்கமான இடத்துல நிக்கறேன்” என்று மட்டும் சொன்னார். வைண்டர் எங்களிடம் வந்து இரண்டு நாள் மருந்தோடு நடுக்கத்தைத் தாண்டினார். ஞாயிறன்று போனார். கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. அதற்கும் கைதட்டினார்களாம்.

மோட்டாரை அவரே கட்டிக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. பெரியவர் வற்புறுத்திக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் மாலை போட்டபோது மலைக்குப் போய்விட்டு வந்த மறுநாளே மீட்டிங் வைத்துக்கொண்டார்கள். குடிக்காமல் ஒரு வருடம் முடிந்து ‘பிறந்தநாள்’ கேக் வெட்டியாகிவிட்டது. காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம் மாதிரி கடை மூடுகிற நாட்களுக்கு முதல் நாள் வாங்கிப் பதுக்கி வைக்கிற பழக்கத்தின் மிச்சமாக, அந்தத் தேதிகள் மட்டும் இன்னும் அவருக்கு மனப்பாடம்.

இப்போது

எங்கள் வார்டில் டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரி மாறியிருக்கிறது. குழுவின் கிழமை, நேரம், பஸ் நம்பர், கூட்டிப்போகிறவரின் முதல் பெயர், போனில் பேசியாயிற்றா என்ற கட்டம். கட்டத்தில் டிக் விழாமல் சீட்டு கையெழுத்துக்குப் போகாது. வாரத்தில் ஒருநாள் குழுவிலிருந்து இரண்டு பேர் வார்டுக்கே வந்து ஒரு மீட்டிங் நடத்துகிறார்கள்; வெளியே போகும்போது நோயாளிக்கு இரண்டு முகமாவது தெரிந்திருக்கிறது. வந்த புதியவரை வாசலில் நின்று கூட்டிப்போகும் வேலையை இப்போது வைண்டர் ஞாயிறுதோறும் செய்கிறார். குழு கூடும் பள்ளியின் வாட்ச்மேனிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறார்: யாராவது தயங்கி நின்றால் நேராக ‘மாடியில் இரண்டாவது ரூம்’ என்று சொல்லிவிட வேண்டும், எதுவும் கேட்கக் கூடாது.

இந்த ஏற்பாடு ஆண்களுக்கு, நகரத்தில், டவுன் பஸ் ஓடுகிற இடத்தில் வேலை செய்கிறது. அதே தேசியக் கணக்கெடுப்பில் குடிக்கும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். எண்ணிக்கை குறைவு என்பதாலேயே பெண்களுக்கு வழி இன்னும் குறைவு. வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா போன மாதம் வார்டில் இருந்தார். பொள்ளாச்சிக்கு இறங்க நாற்பது கொண்டை ஊசி வளைவு. மாலைக் கூட்டத்துக்கு வந்தால் அன்றிரவு வீடு திரும்ப முடியாது. ஆண்கள் மட்டும் இருக்கிற அறைக்குள் அவர் வரவும் மாட்டார். கொரோனாவுக்குப் பிறகு போனிலேயே நடக்கும் மீட்டிங்குகள் பரவலாகியிருக்கின்றன. பெண்களுக்கான ஒன்றோடு அவரைப் பேசவைத்தோம். அந்தக் குழுவில் ஒரு அக்கா பேசினார், இவருக்குப் பிடித்துப்போனது. ஆனால் மீட்டிங் இரவு எட்டு மணிக்கு, வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்போது பிளஸ் டூ படிக்கிற மகனிடம் இருக்கும். நேரத்தை மதியத்துக்கு மாற்ற முடியுமா என்று அந்த அக்காவிடம் கேட்டிருக்கிறோம். லைன் வீட்டுக்கு வெளியே எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும் என்று அந்த அம்மா பார்த்து வைத்திருக்கிறார்.